எரிமலையடியில் ஒரு மத்தியானச் சாப்பாடு

போன மாதம் என் பழைய கம்பெனியில் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இருக்கும் மிச்சம் என்ற லண்டன் பகுதியில் டிராம் ஏறி, பிறகு பஸ் பிடித்துப் போனேன். ஆட்களை உலகத்தின் உயர்ந்த மலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய், நடக்கவைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கம்பெனி அது. என் வாழ்க்கையில் பாதியை அங்கேதான் கழித்தேன். இப்போது முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டன, நானும் கொடுத்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த வழிகாட்டிகள் ஒரு சின்னக் கருவியைக் காட்டினார்கள். விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று சொல்லும். அந்தக் கணக்கு போனுக்குப் போய், அங்கிருந்து லண்டன் அலுவலகத்துக்கே போய்விடுமாம். நல்ல கருவி. கடைசிக் காலத்தில் நானும் அதன் பழைய வடிவத்தைப் பாவித்தவன், குறை சொல்ல மாட்டேன். "அங்கிள், இது இல்லாத காலத்தில முதல் நாள் எதைப் பாத்தனீங்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "சாப்பாட்டைப் பார்த்தோம்" என்றேன். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இன்னொரு கேக் துண்டை எடுத்தேன்.

திரும்பி வரும்போது டிராமில் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. நான் சொன்னது பகிடி இல்லை. அதை விளக்கமாகச் சொல்லப் பொறுமையில்லாமல் கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

நான் மலைக்காரன் இல்லை. யாழ்ப்பாணத்தில் மலை ஏது? பனைமரத்தைவிட உயரமான ஒன்றை நான் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கண்டிக்குப் போனபோதுதான். லண்டனுக்கு வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் இந்தக் கம்பெனியின் பண்டகசாலையில் சேர்ந்தேன். திரும்பி வரும் கூடாரங்களை விரித்துக் காயவைப்பது, படுக்கைப் பைகளைத் தோய்ப்பது, அடுப்புகளைத் துடைப்பது. அங்கேதான் ஹெலன் என்னைக் கண்டார். "நீ கூடாரத்தை மடிக்கும்போது அவசரப்படுவதில்லை, மலைக்கு வா" என்றார். அதன்பிறகு வேல்ஸ் மழையில் நனைந்ததையும், முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கியதையும் எழுதினால் உங்களுக்கும் சளி பிடிக்கும். விட்டுவிடுகிறேன்.

ஹெலன்தான் எங்கள் தலைமை வழிகாட்டி. வட இங்கிலாந்துக்காரி, கட்டையான உருவம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டின நரைத்த முடி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி உதறி மறுபடியும் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

எந்த மலையாக இருந்தாலும் முதல் நாள்தான் முக்கியம் என்பது அவருடைய முடிவு. மற்ற நாட்களில் மலை ஆட்களைப் பார்த்துக்கொள்ளும், முதல் நாள் நாங்கள்தான் பார்க்கவேண்டும் என்பார். காலையில் எல்லோரும் சப்பாத்து நாடா கட்டும்போது ஒரு பக்கமாக நிற்பார். குனிந்து நிமிரும்போது யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பதற்கு. நடக்கத் தொடங்கினால் உள்ளூர் வழிகாட்டி முன்னால், நான் நடுவில், அவர் கடைசியில். நடையின் வேகம், பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகம். அதற்குமேல் யாரும் போகக் கூடாது.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. நடக்கும்போது ஒவ்வொருவரிடமாக வந்து, "ரயில் ஸ்டேஷனில் இருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது?" என்று கேட்பார். ஏதோ வீட்டுக்கு வரப்போகிறவர் மாதிரி. லண்டன்காரருக்கு இந்தக் கேள்வி சர்க்கரை. இடது, வலது, பப், பெற்றோல் நிலையம் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போவார்கள். மத்தியானம் மறுபடியும் அதையே கேட்பார். காலையில் சொன்ன ஒரு திருப்பம் மத்தியானம் தொலைந்துபோனால், அந்த ஆளின் தலைக்கு உயரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். தலையிடியை மறைக்கலாம், வாந்தியையும் விழுங்கலாம், தன் வீட்டு வழியை மட்டும் மறைக்கத் தெரியாது என்பது அவர் கண்டுபிடிப்பு.

இன்னொன்று சாப்பாடு. ஹெலன் கடைசியாகத்தான் சாப்பிடுவார். நசுங்கிப்போன ஒரு தகரப் பெட்டியில், பாண் துண்டுகளுக்கு நடுவே சீஸ் வைத்துக் கொண்டுவருவார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்து, கடைசி ஆளின் வாயில் கடைசிக் கரண்டி போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அதன்பிறகுதான் மூடியைத் திறப்பார். பனி கொட்டினாலும் அப்படித்தான்.

இனி புவனா அக்காவின் கதை.

அந்த முறை போனது தென்னமெரிக்காவுக்கு, ஈக்குவடோருக்கு. அங்கே நாட்டின் நடுவில் எரிமலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே பல நாள் நடந்து, கோட்டோபாக்சி என்ற பெரிய எரிமலையின் அடிக்குப் போவது பயணம். விமானம் இறங்கும் கீட்டோ நகரமே இலங்கையின் ஆக உயர்ந்த மலையைவிட உயரத்தில் இருக்கிறது. இரண்டு நாள் அங்கே சும்மா இருந்து உடம்பைப் பழக்கிவிட்டு, மூன்றாம் நாள் நடக்கத் தொடங்குவோம். முதல் நாள், நெருப்பு அணைந்து எத்தனையோ காலமான ஒரு பழைய எரிமலையின் விளிம்புவரை ஏறி, பின்னேரம் அடிவாரத்துப் பண்ணைவீட்டுக்கு இறங்குவது.

அந்தக் குழுவில் இரண்டு தமிழர். புவனா அக்காவும் அவருடைய மகள் மயூரியும். வெஸ்ட் ஈலிங்கில் வீடு. மயூரி லண்டனில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காக ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் இந்தப் பயணத்தைப் பரிசாக ஏற்பாடு செய்திருந்தாள். புவனா அக்கா லண்டனில் சூப்பர்மார்க்கட்டில் வேலை செய்தவர் என்றாலும், ஊரில் பூமிசாத்திரம் படிப்பித்த ரீச்சர்.

"எரிமலையை எத்தினை தரம் கரும்பலகையில கீறியிருப்பன் தம்பி" என்று கீட்டோவில் முதல் நாளே என்னிடம் சொன்னார். "வாய், குழாய், உள்ளுக்கை பாறைக்குழம்பு எண்டு கலர் சோக்கால கீறுவன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான், ரீச்சர் நீங்கள் பாத்திருக்கிறியளோ எண்டு. நான் பேசாமல் இருடா எண்டு ஏசிப்போட்டன். இண்டைவரைக்கும் அந்தக் கேள்வி மனசுக்கை கிடக்குது."

அதைச் சொன்னபோது அவருடைய கண் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. இந்த மனுசியை எப்படியும் கோட்டோபாக்சியின் அடியில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்று அப்போதே மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் சப்பாத்து நாடாவில் தேறினார். ஹெலன் வீட்டு வழியைக் கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னார். ஸ்டேஷனால் வெளியே வந்து, மெயின் ரோட்டால் நடந்து, மரக்கறிக் கடையடியில் திரும்பி, கோயிலைத் தாண்டி, சிவப்புக் கதவு. வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி. ஹெலனுக்கு ஆளை நன்றாகப் பிடித்துவிட்டது.

மத்தியானம் புல்வெளி ஒன்றில் இருந்தோம். முகில் மூடிக் கிடந்ததால் எதிரில் எந்த மலையும் தெரியவில்லை. உள்ளூர் வழிகாட்டி லூயிஸ் பெரிய பானையில் உருளைக்கிழங்குச் சூப்பைச் சூடாக்கினார். அவர் கரண்டியைக் கையில் எடுக்குமுன்பே புவனா அக்கா அதை வாங்கிவிட்டார். ஒவ்வொருவருக்காக ஊற்றிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டவர்களுக்கு இரண்டாம் தரமும் ஊற்றினார். தன் பையிலிருந்து பயத்தம் பணியாரத்தை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். வெள்ளைக்காரர்கள் உருகிப்போனார்கள். "அம்மா, நீங்களும் இருங்கோவன்" என்றாள் மயூரி. "நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளை, நான் பிறகு" என்றார் அக்கா.

நானும் இரண்டு கோப்பை குடித்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "நான் பிறகு" என்பது பிறந்ததிலிருந்து எங்கள் வீடுகளில் நான் கேட்டு வளர்ந்த சொல். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு எங்களில் யாராவது திரும்பிப் பார்த்ததுண்டா?

ஹெலன் என்னைச் சாடை காட்டிக் கூப்பிட்டார். தகரப் பெட்டி மடியில் மூடினபடி இருந்தது.

"அன்ரன், இந்தக் குழுவில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் நான்தானே?"

"ஓம்."

"இன்றைக்கு எனக்கு ஒரு போட்டிக்காரி வந்திருக்கிறார். அவர் எப்போது சாப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பானை காலியாகப் போகிறது. நேற்று இரவும் அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாயா?"

யோசித்துப் பார்த்தேன். கீட்டோவில், "வயிறு சரியில்லை, ஒரு கோப்பை பாலே காணும்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. பணியாரப் பெட்டியைத் திறந்து நீட்டிய கை ஞாபகம் வந்தது. அந்தக் கை தன் வாய்க்குப் போனது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"போய் வீட்டு வழியைக் கேள். உங்கள் பாஷையிலேயே கேள்" என்றார் ஹெலன்.

பக்கத்தில் போய் இருந்து, பகிடியாகக் கேட்டேன். "அக்கா, லண்டனுக்குப் போனாப் பிறகு உங்கட வீட்டை சாப்பிட வரப்போறன். ஸ்டேஷனால எப்பிடி வாறது?"

"அதுக்கென்ன, வாரும். ஸ்டேஷனால வந்து... மெயின் ரோட்டால... கோயிலைத் தாண்டி..." நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டார். "கோயிலைத் தாண்டி..."

மரக்கறிக் கடையும் இல்லை, சிவப்புக் கதவும் இல்லை.

"தலை இடிக்குதோ அக்கா?"

"ஒண்டுமில்லைத் தம்பி. வெயில்."

வெயில் மருந்துக்கும் இல்லை. "அக்கா, நீங்கள் எப்ப கடைசியாச் சாப்பிட்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மகள் கேட்காத மாதிரி மெல்லிய குரலில் சொன்னார். கந்தசஷ்டி விரதம். அன்றைக்கு மூன்றாம் நாள். பகலில் தண்ணீர் மட்டும், இரவில் பாலும் ஒரு பழமும். கணவர் சிவநாதனுக்கு இதயத்தில் பைபாஸ் செய்தபோது, ஆறு வருடம் சஷ்டி பிடிக்கிறேன் என்று முருகனிடம் நேர்ந்திருந்தாராம். இது ஆறாவது வருடம், கடைசி வருடம். மகள் விமான ரிக்கற் போட்டுவிட்டு வந்து நாளைச் சொன்னபோதுதான், சஷ்டியும் அதே கிழமையில் வருகிறது என்று தெரிந்ததாம். "அவள் எவ்வளவு ஆசையோட செய்தவள். வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கும் ஆசை. ரெண்டையும் செய்யலாம் எண்டு நினைச்சன்."

மயூரிக்குக் கேட்டுவிட்டது. "அம்மா! ஆர் யூ சீரியஸ்? இவ்வளவு உயரத்தில ஃபாஸ்டிங்கா? உங்களுக்கு எப்பவும் ஏதோ ஒரு விரதம், நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கத்தினாள். பிறகு அழத் தொடங்கினாள்.

ஹெலன் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி கழன்றது, உதறப்பட்டது, மறுபடியும் ஏறியது.

"பட்டினியால் வந்த தலையிடியா, உயரத்தால் வந்ததா என்று இங்கே யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டுக்கும் வைத்தியம் செய்வோம். இவர் மேலே வரக் கூடாது. இப்போது சாப்பிட்டு, மெதுவாகக் கீழே இறங்கினால், பின்னேரம் மறுபடியும் பார்ப்பேன். தேறியிருந்தால் நாளைக்கு எங்களோடு வரலாம். சாப்பிடாவிட்டால் இன்றைக்கே கீட்டோவுக்குக் கார் வரும். பயணம் அவருக்கு அவ்வளவுதான்." பிறகு என்னிடம் மட்டும், "மகளை மற்றவர்களோடு மேலே அனுப்பு. பார்க்க ஆள் இருந்தால் பிடிவாதம் கூடும்" என்றார்.

மயூரி போக மாட்டேன் என்று நின்றாள். "போ பிள்ளை. நீ பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு" என்று அக்கா அனுப்பிவைத்தார். லூயிஸும் அவருடைய உதவியாளரும் குழுவைக் கூட்டிக்கொண்டு ஏறினார்கள். புல்வெளியில் நாங்கள் மூன்று பேர், ஒரு கோப்பைச் சூப்போடு மிஞ்சினோம்.

நான் கத்தோலிக்கன். என் வாதத் திறமையெல்லாம் காட்டினேன். "அக்கா, நாங்கள் வேதக்காரர். தவசு காலத்தில வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கு. உங்கட சமயத்திலையும் இருக்கும்தானே?"

"உங்கடை ஃபாதர் விலக்குத் தருவார் தம்பி. நான் இந்த மலையில ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டு நேர்ந்தனான். அந்த மனுசன் இண்டைக்கும் உயிரோட இருந்து கிரிக்கெட் பாக்குது. நான் கடைசி வருசத்தில ஏமாத்திறதோ? கோட்டோபாக்சி வேண்டாம். காரைக் கூப்பிடும்."

வாக்கு ஒரு பக்கம், கரும்பலகையில் கீறிக் கீறி ஆசைப்பட்ட மலை மறுபக்கம். நான் யார் அதில் தீர்ப்புச் சொல்ல?

ஹெலன் எதிரே ஒரு கல்லில் இருந்தார். பெட்டி மடியில் மூடினபடியே. குளிர்காற்று அடித்தது. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அவ ஏன் தம்பி இன்னும் சாப்பிடேல்லை?"

"அவ எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவா. அதுதான் அவவின்ர ஒழுங்கு."

"எல்லாரும் சாப்பிட்டிட்டினமே."

"நீங்கள் சாப்பிடேல்லையே அக்கா."

அக்கா திகைத்துப்போனார். "சும்மா சொல்லாதையும். என்ன வயசு அவவுக்கு?"

"உங்களைவிட அஞ்சாறு வயசு கூட."

"விடியவெள்ளன ஒரு தேத்தண்ணியோட வெளிக்கிட்ட மனுசி... சாப்பிடச் சொல்லும் தம்பி."

சொன்னேன். ஹெலன் தலையை ஆட்டினார். "நான் பொறுத்திருப்பேன்" என்றார். அக்காவே ஆங்கிலத்தில் கெஞ்சினார். ஹெலன் சிரித்தார், பெட்டியைத் தொடவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அறுபது வயதுவரைக்கும் யாருக்கும் சாப்பாடு போடாமல் தான் சாப்பிட்டறியாத ஒரு மனுசியால், தன் கண் முன்னால் ஒரு கிழவி பசியோடு இருப்பதைத் தாங்க முடியவில்லை.

கடைசியில் அக்கா சூப்புக் கோப்பையை எடுத்தார். நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"முருகா, ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னால பட்டினி கிடக்கிறா. நீ எண்டாலும் குடிச்சிருப்பாய்."

ஒரு வாய் குடித்தார். அந்தக் கணமே டக் என்று தகரப் பெட்டியின் மூடி திறந்தது. ஹெலன் பாணை எடுத்து ஒரு கடி கடித்தார். இவர் ஒரு வாய், அவர் ஒரு கடி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாரா என்று பிற்காலத்தில் ஒருமுறை ஹெலனைக் கேட்டேன். "எனக்கு உண்மையிலேயே பசித்தது" என்றார்.

இறங்கும் வழியில் முகில் விலகியது. எதிரே கோட்டோபாக்சி, இடுப்புக்கு மேலே முழுவதும் வெள்ளையாக நின்றது. அக்கா நின்றுவிட்டார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு ஊன்றுகோல் நுனியால் மண்ணில் ஒரு கூம்பைக் கீறினார். கீறியதைக் காலால் அழித்துவிட்டு, சரிவைச் சாய்த்து மறுபடியும் கீறினார். "நான் நெட்டுக்குத்தா எல்லோ கீறிக் காட்டினனான். பாருங்கோ, எவ்வளவு ஆறுதலா இறங்குது" என்றார். பிறகு ஹெலனுக்கு வாய் எங்கே, குழாய் எங்கே, குழம்பு எங்கே என்று ஆங்கிலத்தில் பாடம் எடுத்தார். எத்தனையோ எரிமலை ஏறின ஹெலன், வகுப்பில் முன் வாங்கில் இருக்கும் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பின்னேரம் பண்ணைவீட்டில், தலையிடி போய்விட்டது என்று அக்கா சொன்னார். ஹெலன் அந்தச் சொல்லை நம்பாமல் வீட்டு வழியைக் கேட்டார். மெயின் ரோடு, மரக்கறிக் கடை, கோயில், சிவப்புக் கதவு. "வந்தா மணி அடிக்க வேண்டாம், மணி பழுது. கதவைத் தட்டுங்கோ" என்று அக்கா ஒரு திருத்தமும் சேர்த்தார். ஹெலன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான்கு நாள் கழித்து புவனா அக்கா கோட்டோபாக்சியின் அடியில், கறுப்பும் சிவப்புமான சாம்பல் மண்ணில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படம் எடுத்தேன். அந்தப் படம் கோணலாக வந்தது.

அடுத்த வருடம் ஆறாவது சஷ்டியை வெஸ்ட் ஈலிங்கில் இருந்தபடி முதலிலிருந்து பிடித்து முடித்தார். முருகனோடு கணக்குத் தீர்ந்தது என்று போன் பண்ணிச் சொன்னார். விரதம் முடிந்த அடுத்த நாள் பாரணைக்கு ஹெலனையும் என்னையும் அழைத்தார். அங்கே யார் முதலில் சாப்பிடுவது என்று இரண்டு பேரும் நின்று, சோறு ஆறி, கடைசியில் சிவநாதன் அண்ணைதான் பொறுக்க முடியாமல் முதலில் இருந்து சாப்பிடத் தொடங்கினார்.

மூன்று வருடத்துக்கு முன் ஹெலன் காலமானார். அடக்கம் முடிந்து லண்டனில் ஒரு சின்ன மண்டபத்தில் தேநீரும் சான்ட்விச்சும் வைத்திருந்தார்கள். நெடிய மலையேறிகள் எல்லோரும் கறுப்பு உடையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். புவனா அக்கா வந்திருந்தார். யாரும் கேட்காமலே தட்டை எடுத்து ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோனார். "எடுங்கோ, எடுங்கோ" என்று வற்புறுத்தினார். யாருடைய கோப்பை காலி என்று பார்த்துத் தேநீர் ஊற்றினார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோரமாக நின்றார். மலையில் ஹெலனும் இப்படித்தான் ஒரு ஓரமாக இருந்து பார்ப்பார்.

நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

தட்டில் மிஞ்சியிருந்த சீஸ் சான்ட்விச்சைக் கையில் எடுத்தார். கண் சிவந்திருந்தது.

"இந்த முறை நான் பொய் சொல்லமாட்டன் தம்பி" என்றார். "நிண்டு பாரும்."

கடைசிக் கடிவரைக்கும் நான் நின்று பார்த்தேன்.